பதவி பெறாத பேராசிரியர்

அறிவின் உறைவிடம் பல்கலைக்கழகமே என்று கருதுவது நம் வழக்கம். அதன் வாயிலுக்கு வெளியே வளர்ந்த சிந்தனைகளும் வரலாற்றில் உண்டு. ஆஸ்திரியப் பொருளியல் நெறியின் பிற்காலம் அதற்கோர் சான்று.

1871-ஆம் ஆண்டில் இந்நெறிக்கு வித்திட்ட கார்ல் மெங்கர், வியன்னாப் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கியவர். ஒரு பண்டத்தின் மதிப்பை அதை நாடும் மனிதரின் தேவையே நிறுவுகிறது என்பது அவர் துணிபு. அவர் வழிவந்த லுட்விக் ஃபான் மீஸெஸுக்கோ அப்பதவி கிட்டவில்லை. வகுப்பெடுக்கும் உரிமை இருந்தது. ஊதியம் பெறும் இருக்கை இல்லை. அவர் யூதர் என்பதையும், சந்தைச் சுதந்திரத்தில் விட்டுக்கொடுக்காதவர் என்பதையும் காரணங்களாகச் சுட்டுவர்.

வணிகர் மன்றத்தில் அலுவல் பார்த்துவந்த மீஸெஸ், 1920 முதல் 1934 வரை தம் அலுவலக அறையையே கல்விக்கூடமாக்கினார். இரு வாரங்களுக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலையில் ஹாயெக், ஹேபர்லர், மாக்லுப், ஆல்ஃபிரட் ஷூட்ஸ் முதலியோர் அங்குக் கூடினர். தேர்வும் பட்டமும் இல்லாத அவ்வறைக்கு அறிவு வேட்கை ஒன்றே அவர்களை ஈர்த்தது.

1920-இல் அவர் எழுப்பிய வினா உலகறிந்தது. உற்பத்திச் சாதனங்கள் யாவும் அரசுடைமையானால் அவற்றுக்குச் சந்தை இராது. சந்தையின்றி விலை இராது. விலையின்றி, எம்முறை சிக்கனமானது என்று கணக்கிடுவது எங்ஙனம்? 1936-இல் இதற்கு மறுப்பு எழுதிய சோஷலிச அறிஞர் ஆஸ்கார் லாங்கே, இச்சிக்கலை உணர்த்திய மீஸெஸுக்குத் திட்டக்குழு மண்டபத்தில் சிலை வைக்க வேண்டுமென்று குறும்பாகக் குறிப்பிட்டார். ஆயினும் வினாவின் கனத்தை அவர் மறுக்கவில்லை.

1934-இல் மீஸெஸ் ஜெனீவா சென்றார். 1938-இல் வியன்னாவுள் புகுந்த நாஜிகள் அவர் இல்லத்திலிருந்த நூல்களையும் ஏடுகளையும் கவர்ந்தனர். 1940-இல் நியூயார்க்கை அடைந்த அவர், 1945 முதல் 1969 வரை அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ஊதியம் வெளியார் நிதியிலிருந்தே வந்தது. 1973-இல் மறைந்தார். மறு ஆண்டே ஹாயெக் நோபெல் பரிசு பெற்றார். மாறுபட்ட கொள்கையினரான குன்னார் மிர்தாலும் அதில் பங்கு பெற்றார். நாஜிகள் கவர்ந்த ஏடுகளோ 1990-களில் மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் கண்டறியப்பட்டன.

அரசின் கடமையை மீஸெஸ் மிகவும் குறுக்கிவிட்டார் என்போர் பலர். அவர் முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. எனினும், ஆட்சிக்கும் அவைக்கும் உவப்பில்லாத வினாவைக் கேட்பவருக்கு இருக்கை தருவதா என்பது ஒவ்வொரு கல்விக்கூடத்தின் முன்னும் நிற்கும் கேள்வியாகும். வியன்னா அதற்கு இல்லையென்றது. இழப்பு யாருடையது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.