முதலூரும் வானவடியும்

பிழைப்பின் பொருட்டுப் புனேயின் வானவடியில் குடியேறிய தமிழருக்கு, ஊர் என்பது மண்ணோ, மக்களோ என்னும் வினா எழாமலிராது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் வரலாறு அதற்கு விடை பகர்கிறது.

சமயம் மாறியமையால் சொந்த ஊரில் துன்புறுத்தப்பட்ட சில குடும்பங்களுக்காக, 1799-ஆம் ஆண்டில் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார், சாத்தான்குளத்தருகே நிலம் பெற்றுச் சிற்றூர் ஒன்றை அமைத்தார். அதுவே முதலூர். தனித்து நின்றிருப்பின் அவர்கள் தளர்ந்திருப்பர். கூடி வாழ்ந்தமையால் நிலைத்தனர். 1830-இல் இரேனியஸ் ஐயர் காலத்தில் தோன்றிய தர்ம சங்கம், இத்தகையோருக்கு நிலம் வாங்கி உதவும் பணியை விரிவாக்கியது.

அச்சபைகளின் பெண்டிர், உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைக் கோயிலுக்கென ஒதுக்கினர். ஆலய அசனத்தில் செல்வரும் வறியவரும் ஒரே சோற்றை உண்டனர். எனினும், சாதி வேற்றுமை அங்கு முற்றும் நீங்கிவிடவில்லை என்பதை மறைத்தல் தகாது. பந்தியின் பாடம் இன்னும் கற்று முடியவில்லை.

புனேயிலும் 1792-இல், பேஷ்வா சவாய் மாதவராவ் அளித்த நிலத்தில், அவர் படையில் பணியாற்றிய கத்தோலிக்கருக்கு ஆலயம் எழுந்தது. அயலாருக்கு இடமளித்த நகரம் இது. இங்கு வாழும் நாமும், பெற்ற ஆசி பகிர்ந்தாலன்றி நிறைவுறாது என உணர்வோமாக. அயலானுக்கென ஒரு பிடி அரிசி ஒதுக்கப்படும் இடமே நம் ஊர்.