படுக்கையில் பிறந்த பாடம்

பண்ருட்டியை ஒட்டிக் கெடிலக் கரையில் இருக்கிறது திருவதிகை. அங்கே நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் கதை பலருக்கும் தெரிந்ததுதான். இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளித் தலைவராக இருந்த, பின்னாளில் அப்பர் எனப்பட்ட தருமசேனருக்குச் சூலை நோய். மந்திரம் ஓதினார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், வலி அடங்கவில்லை. சமையற்காரர் மூலம் திருவதிகையில் இருந்த அக்காவுக்குச் சேதி போனது. அந்த இடத்துக்கு நான் வரமாட்டேன் என்றுவிட்டார் திலகவதியார். இரவோடு இரவாகத் தம்பியே புறப்பட்டு வந்தார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அங்கே பிறந்ததுதான் கொல்லிப் பண்ணில் அமைந்த ‘கூற்றாயினவாறு’ பதிகம். அப்பர் பாடிய முதல் பதிகம் அது.

பக்தர்கள் இதை அருள் என்பார்கள். என் கண்ணில் படுவது, பாடியவரே நோயாளி என்பது. திருச்சிக்குப் பக்கத்துத் திருவாசியில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இதற்கு நேர் எதிர். கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் என்னும் வலிப்பு நோய். அவள் கிடக்கிறாள்; சம்பந்தர் பாடுகிறார்; குணமாகிறது. நோயாளிக்காக யாரோ பாடுவது ஒரு வழி, நோயாளியே பாடுவது இன்னொரு வழி. ஆஸ்பத்திரிக்குள் கலை நுழைந்த கதையும் இந்த இரண்டு வழிகளில்தான் நடந்திருக்கிறது.

இரண்டாம் வழியை நம் காலத்தில் திறந்தவர் அட்ரியன் ஹில். முதல் உலகப் போரின் களத்தை நேரில் பார்த்து வரைந்த ஆங்கில ஓவியர். 1938இல் காசநோயோடு சசெக்ஸில் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் படுத்தார். ஸ்ட்ரெப்டோமைசின் வராத காலம். மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பதே வைத்தியம். கட்டிலில் இருந்தபடி கண்ணுக்கு எட்டியதை எல்லாம் வரையத் தொடங்கினார். மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று மறு வருடம் கேட்டுக்கொண்டார்கள். 1942இல் இதற்கு ‘ஆர்ட் தெரபி’ என்று பெயர் வைத்தார். 1945இல் புத்தகமும் எழுதினார். பிற்பாடு பிபிசி தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தவரும் இவரே.

கலை குழந்தைகள் வார்டுக்குள் நுழைவது அவ்வளவு சுலபமாக இல்லை. பிரிட்டனில் பெற்றோரையே எப்போதாவதுதான் உள்ளே விட்ட காலம் அது. ஆஸ்பத்திரியில் விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எட்டே நாளில் எப்படி ஒடுங்கிப்போகிறது என்பதை ஜேம்ஸ் ராபர்ட்சன் படமெடுத்து 1952இல் காட்டினார். டாக்டர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் 1959இல் வந்த அரசுக் குழுவின் பிளாட் அறிக்கை, தாயை உடன் இருக்க விடுங்கள், விளையாட்டுக்கும் படிப்புக்கும் வழி செய்யுங்கள் என்றது. நம் ஊரில் அம்மா எப்போதும் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்துத்தான் இருந்தார். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். கவனித்துக்கொள்ள வார்டில் ஆள் போதவில்லை என்பதும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் சிட்டி ஆஸ்பத்திரியில் 1955இல் எம்மா பிளாங்க் குழந்தைகளுக்காக ஒரு பிரிவு தொடங்கினார். அவர் டாக்டர் அல்ல, வியன்னாவிலிருந்து வந்த மாண்டிசோரி ஆசிரியை. குழந்தை கையால் செய்து கற்கும் என்ற அந்த முறையை 1939இல் மரியா மாண்டிசோரியே சென்னை அடையாற்றுக்கு வந்து நம்மவர்களுக்குக் கற்பித்திருக்கிறார். வகுப்பறையோடு நின்றுவிட்டோம். பிளாங்க் அதைக் கட்டிலருகே கொண்டுபோனார்.

சம்பந்தர் வழியும் தழைத்தது. நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸின் மைக்கேல் கிறிஸ்டென்சன் 1986இல் கோமாளிகளைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சென்னையில் ‘லிட்டில் தியேட்டர்’ குழுவின் கோமாளிகள் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குள் போயிருக்கிறார்கள். சிரிப்பு வேண்டியதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோமாளி போன பிறகு குழந்தையின் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பது என் கட்சி. சிகாகோவில் 1998இல் தொடங்கிய ‘ஸ்னோ சிட்டி ஆர்ட்ஸ்’ அமைப்பின் கலைஞர்கள் கட்டிலருகே உட்கார்ந்து எழுதவும் இசைக்கவும் படமெடுக்கவும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ ஓட வேண்டும். சிகிச்சை பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் இழுக்கும். அந்தக் கட்டிலருகே கலை சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலக்கையில் ஊசிக்குழாய் இருந்தால் இடக்கையால்தான் வரைய வேண்டும். கீமோவில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அடுத்த பிள்ளை பிசைந்த களிமண்ணைக் கொடுக்கக் கூடாது, ஊதும் கருவியைப் பகிரக் கூடாது, டீச்சருக்குச் சளி பிடித்தால் அன்று லீவு. பாதி மரம் வரைந்ததும் பிள்ளை தூங்கிப்போகலாம், மீதியை டீச்சர் வரைந்து முடிக்கக் கூடாது. ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம் என்று அது சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. இன்றைக்கு வரைய மாட்டேன் என்றால் மட்டும் டீச்சர் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.