மொழி ஒன்று, நாடு வேறு

துருக்கியின் கப்பதோக்கியா நிலப்பரப்பில் வழிகாட்டியோடு மிதிவண்டிப் பயணம் மேற்கொள்வோரை ஈர்க்கும் ஊர்களுள் ஒன்று, இஹ்லாரா பள்ளத்தாக்கை அடுத்த குஸெல்யுர்ட். 'அழகிய தாயகம்' என்பது அப்பெயரின் பொருள். அங்குள்ள பழைய கல்வீடுகளையும், புனித கிரிகோரியின் தேவாலயமாயிருந்து மசூதியான கட்டடத்தையும் விட்டுச் சென்றவர்கள் யார்?

1923 சனவரி 30 அன்று லோசான் நகரில் கிரீஸும் துருக்கியும் மக்கள் பரிமாற்ற உடன்படிக்கை செய்துகொண்டன. யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்பதை வகுக்க அது கொண்ட அளவுகோல் மொழியன்று, மதம். கரமன்லி கிறித்தவர்களின் தாய்மொழி துருக்கி. அதனைக் கிரேக்க எழுத்தில் எழுதினர். ஆயினும் அவர்கள் கிரீஸுக்கு அனுப்பப்பட்டனர். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்களோ துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். போரின்போதே தப்பியோடியோரையும் சேர்த்து, ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவர்களும் 4 இலட்சம் முஸ்லிம்களும் இவ்வாறு வேரிழந்தனர்.

குஸெல்யுர்ட்டின் பழைய பெயர் கெல்வேரி, கிரேக்கத்தில் கர்வாலி. அங்கிருந்து சென்றவர்கள் கிரீஸின் கவாலா நகருக்கருகே குடியேறித் தம் புதிய ஊருக்கு 'நெயா கர்வாலி', அதாவது புதிய கர்வாலி, என்று பெயரிட்டனர். துருக்கி பேசிய அகதிகளை அந்நாட்டார் சிலர் 'துருக்கி விதை' என்று இகழ்ந்தனர். மதத்தால் துருக்கியில் அயலாரானவர்கள், மொழியால் கிரீஸிலும் அயலாராயினர்.