ராணிப்பேட்டைக்கு ஒரு பாட்டு

வேப்பம்பட்டில் ரயில் ஏறி அரக்கோணம் பக்கம் போனால், கடம்பத்தூருக்கு அடுத்து ‘செஞ்சி பனம்பாக்கம்’ என்று ஒரு ஸ்டேஷன் வரும். போர்டைப் பார்த்ததும் தேசிங்கு ராஜா ஞாபகத்துக்கு வந்தால், நீங்கள் கூத்து பார்த்து வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். அது வேற செஞ்சி. ராஜாவின் செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் இதே தண்டவாளம் அவன் கதையின் கடைசி ஊர் வரைக்கும் நம்மைக் கூட்டிப்போகும். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி, இந்த ஊர்களைத் தாண்டி வாலாஜா ரோடு வரை ஓடியது. அதன் பக்கத்தில், ஆற்காட்டுக்கு எதிரே, பாலாற்றங்கரையில் இருக்கிறது ராணிப்பேட்டை. அந்தப் பெயரில் இருக்கும் ராணி தேசிங்கின் மனைவி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

ஜோசப் கேம்பல் 1949-ல் எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. உலகத்து வீரகதைகள் எல்லாம் அடியில் ஒரே கதைதான் என்பது அவர் கட்சி. வீரன் ஊரை விட்டுக் கிளம்புகிறான், சோதனைகளைத் தாண்டுகிறான், ஏதோ ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புகிறான். 12-ம் நூற்றாண்டில் பிரெஞ்சில் கிரெத்தியான் த த்ருவா எழுதிய ஆர்தர் அரசவைக் கதைகளும் பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் போகின்றன. அரசவையிலிருந்து கிளம்பும் குதிரைவீரன் அரசவைக்கே மெருகேறித் திரும்புவான்.

தேசிங்கு கதையின் முதல் பாதி இதற்கு அச்சு அசலாகப் பொருந்தும். டெல்லியில் யாராலும் அடக்க முடியாத பாராசாரிக் குதிரை. அதை அடக்க முடியாத அப்பா சிறையில். பொடியன் தேசிங்கு போய் குதிரையை அடக்குகிறான், அப்பாவை மீட்கிறான், பெண்ணும் கிடைக்கிறது. இங்கேயே ‘சுபம்’ போட்டிருக்கலாம். கூத்துக்காரர்கள் போடமாட்டார்கள். விடிய விடிய ஆடுவதற்கான விஷயம் இனிமேல்தான் இருக்கிறது.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1698-ல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு மராட்டியரிடமிருந்து செஞ்சி மொகலாயர் கைக்குப் போனது. ஔரங்கசீப் காலத்தில் கோட்டைக்குப் பொறுப்பாக வந்தவர் சொரூப் சிங், புந்தேல ராஜபுத்திரர். 1714-ல் அவர் இறக்க, மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றான். தமிழ் வாயில் அவன் தேசிங்கு. கப்பப் பாக்கியைக் கட்டு என்றார் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். தேசிங்கு மறுத்தான். அதே வருஷம் அக்டோபரில் சண்டை நடந்தது. பெரும்படைக்கு எதிரே சில நூறு குதிரைவீரர்கள். தேசிங்கு குண்டடிபட்டு இறந்தான். வயது 22 என்பார்கள். ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. செட்டிகுளக் கரையில் அவனுக்குச் சிதை மூட்டினார்கள். மனைவி அதில் உடன்கட்டை ஏறினாள். கணக்காகப் பார்த்தால் இது ஒரு வரிபாக்கித் தகராறு.

இதே மாதிரி ஒரு சின்னச் சண்டை ஐரோப்பாவிலும் நடந்தது. 778-ல் ஸ்பெயினிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சார்லமேனின் பின்படையை பிரனீஸ் மலைக் கணவாயில் பாஸ்க் மக்கள் மறித்து வெட்டினார்கள். செத்தவர்களில் ஒருவன் ரோலன். சார்லமேனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் அவன் பேரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். ஏறக்குறைய 300 வருஷம் கழித்து, சிலுவைப் போர்களின் காலத்தை ஒட்டி, ‘ரோலன் பாட்டு’ எழுத்தில் வருகிறது. அதில் பாஸ்க் மக்களைக் காணோம்! அவர்கள் இடத்தில் முஸ்லிம் படை நிற்கிறது. மலைவாசிகள் மறித்த சண்டையைப் பாட்டு மதப்போராக மாற்றிவிட்டது. தலைமுறை தலைமுறையாக வீரத்துக்கு இலக்கணமாகப் பாடப்பட்ட பாட்டு இது.

தேசிங்கு பாட்டுக்கு அந்த மாதிரி மெனக்கெட வேண்டிய அவசியமே இல்லை. எதிரி ஏற்கெனவே முஸ்லிம் நவாப். ராஜாவோ சிங்கவரம் ரங்கநாதரின் பக்தன். மதப்போர் கட்டுவதற்கு எல்லாச் சாமானும் கையில் இருந்தது. பாடியவர்கள் என்ன செய்தார்கள்? கதையின் நடுவில் ஒரு நண்பனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் பெயர் மோவுத்துக்காரன், அதாவது மகபத் கான். அவன் ஒரு முஸ்லிம். அன்றைக்கு அவனுக்குக் கல்யாணம். சண்டைச் செய்தி வருகிறது. மணக்கோலத்தோடு எழுந்து நீலவேணிக் குதிரையில் ஏறிவிடுகிறான்.

இன்னொரு பக்கம் சிங்கவரம் குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதர். போருக்கு உத்தரவு கேட்டு தேசிங்கு நிற்கிறான். சாமி ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாக ஊரார் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கும்பிட்ட சாமி போகாதே என்கிறது, வேற சாமியைக் கும்பிடும் நண்பன் கல்யாணப் பந்தலை விட்டு வருகிறான். எது பெரிசு என்று பாட்டு வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கேட்பவர்களுக்குக் கண் கலங்குவது நீலவேணி கிளம்பும் இடத்தில்தான்.

ஐரோப்பியக் குதிரைவீரனுக்கு அறம் என்றால் எஜமானுக்கு விசுவாசம், கடவுளுக்குச் சேவை, சீமாட்டிக்குக் காதல். இங்கே அது சிநேகிதம். மகபத் கான் நவாபைத் துரோகி என்று சொல்லவில்லை, தேசிங்கின் கணக்கு சரிதானா என்றும் கேட்கவில்லை. கூப்பிட்டான், வந்தான், செத்தான். பாட்டில் தேசிங்கும் குண்டடிபட்டு விழுவதில்லை, தன் கத்தியைத் தானே மார்பில் ஏந்தி முடிகிறான். துப்பாக்கி வந்துவிட்ட காலத்தில் நேருக்கு நேர் வாள்வீச்சு பழங்கதை ஆகிவிட்டது என்று பாடியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதனால்தான் குண்டை எடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக இந்தப் பாட்டை அப்படியே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட முடியுமா? ராணிபாய் இருக்கிறாளே. கதையில் புருஷன் அவளிடம் திரைமறைவில்தான் விடைபெறுகிறான், முகம்கூடப் பார்க்காமல். அப்புறம் அவளுக்கு நெருப்பு. ரோலன் பாட்டிலும் இப்படித்தான், அவன் செத்த செய்தி கேட்டதும் நிச்சயித்த பெண் ஓத் அங்கேயே விழுந்து உயிரை விடுகிறாள். இரண்டு பாட்டிலும் ஆண்களுக்கு நீளமான பயணம், பெண்களுக்குச் சில வரிகளில் சாவு. வீரனின் மானத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வியை எந்தப் பாட்டும் கேட்கவில்லை. நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அவள் நினைவாக ஊர் அமைத்தது யார் தெரியுமா? புருஷனை ஜெயித்த நவாபேதான் என்கிறது மரபு. ஜெயித்தவன் தோற்றவனின் வீட்டுக்கு மரியாதை செய்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சாவைப் பெருமையாக்கி ஊர்ப்பெயரில் எழுதிவிட்டான் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே உண்மை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேம்பல் சொன்ன மூன்றாவது கட்டம், ஊர் திரும்புவது, தேசிங்குக்கு இல்லை. நம்ம பக்கத்து வீரர்கள் பலருக்கும் இல்லை. மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் எல்லோரும் போனவர்கள் போனவர்கள்தான். அவர்களைச் சாமியாகவும் பாட்டாகவும் திருப்பிக் கொண்டுவந்தது ஊர். கொண்டுவரும்போது எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று முடிவுசெய்ததும் ஊர்தான். பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சடித்தவர்களும், 1960-ல் எம்.ஜி.ஆரை வைத்துப் படமாக்கியவர்களும் அதே வேலையைத்தான் தொடர்ந்தார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது செஞ்சி. இனிமேல் கூட்டம் வரும், கதை சொல்ல ஆளும் வரும். ‘இந்து ராஜா, முஸ்லிம் நவாப்’ என்று ஒரே வரியில் சொல்லி முடிக்க ஆசைப்படுகிறவர்களும் வருவார்கள். அவர்கள் வாயைத் திறந்ததும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மோவுத்துக்காரன் எங்கேங்க?