களையின் வேதிச் சைகையும் நெல்லின் பூச்சி ஈர்ப்பும்: தாமல் ஏரிப்பாசன வயல்களை முன்வைத்து

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தாமல் ஏரியின் பாசன வயல்களில் நெல்லோடு நெல்லாகக் கலந்து நிற்பது குதிரைவாலிப் புல். இளம்பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இலை தண்டைத் தழுவும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய சவ்வு போன்ற நாக்கு உண்டு, இப்புல்லுக்குக் கிடையாது. அந்த அடையாளத்தை நம்பலாம்.

இப்புல்லை நாம் பெரும்பாலும் இரண்டு குற்றங்களுக்காகவே விசாரிக்கிறோம். உரத்தையும் வெளிச்சத்தையும் பறிக்கிறது. நெல் பூக்கும் முன்பே கதிர்நாவாய்ப்பூச்சிக்கு இடம் கொடுத்துப் பெருக வைக்கிறது. இரண்டும் உண்மை. ஆனால், களை வெளியிடும் வேதிப்பொருள் பூச்சியை நேராகத் தாக்காமல் பயிரின் உடலியலை மாற்றி, அதன் வழியாகப் பூச்சியின் தேர்வையும் மாற்றக்கூடும். இதற்கு நம் வயல் ஆய்வுகள் தர வேண்டிய கவனத்தைத் தரவில்லை என்பது என் வாதம்.

பார்லியில் இது காட்டப்பட்டுவிட்டது. முட்செடிக் களைமீது பட்ட காற்றை பார்லிச் செடிகள்மீது செலுத்தி, பிறகு அவற்றில் அசுவினிகளை விட்டுப் பார்த்தது ஸ்வீடனின் கிளின்வுட், நின்கோவிச் குழு. அச்செடிகளில் அமர்ந்த அசுவினிகள் குறைவு. இது 2004ஆம் ஆண்டின் ஆய்வு.

நெல்லில் சங்கிலியின் கண்ணிகள் தனித்தனியே கிடக்கின்றன. குதிரைவாலிப் புல் லோலியோலைடு என்ற பொருளை வெளியிடுகிறது. அதை உணரும் நெல், மோமிலாக்டோன் பி, ட்ரைசின் ஆகிய தற்காப்பு வேதிப்பொருள்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது என்று 2020இல் சீன ஆய்வாளர்கள் காட்டினர். ட்ரைசின் புகையான் பூச்சிக்கு ஒவ்வாதது என்பது 2007லேயே பதிவானது. லோலியோலைடு தக்காளியில் பூச்சி எதிர்ப்பைத் தூண்டுவதாக 2019இல் ஜப்பானிய ஆய்வொன்று நிறுவியது. மூன்றையும் சேர்த்தால், அருகில் களை இருப்பதை உணர்ந்த நெல் புகையானுக்குச் சுவை குறைந்ததாக இருக்கும் என்ற கருதுகோள் இயல்பாகவே எழுகிறது. இது இன்னும் கருதுகோள்தான்; ஆனால் சோதிக்கத் தகுந்தது.

சோதனையில் பெரிய இடறல் யூரியா. தழைச்சத்து மிகுந்த பயிரில் புகையான் பெருகும் என்பது விவசாயிகள் நன்கறிந்த உண்மை. களை தழைச்சத்தைத் தின்றுவிட்டால், சைகை எதுவும் இல்லாமலே புகையான் குறையும். ஆகவே களையுள்ள பாத்தியையும் களையற்ற பாத்தியையும் ஒப்பிட்டுப் பூச்சியை எண்ணுவது எதையும் நிரூபிக்காது. வேர்கள் கலக்காத தொட்டிகளில் களை வளர்த்து, அதன் வேர்வழி வடியும் நீரை (வேர்நீரை) மட்டும் நெல்லுக்கு ஊற்ற வேண்டும். ஒப்பீட்டுத் தொட்டிக்கு நெல்லின் வேர்நீரையே ஊற்ற வேண்டும். இலையின் தழைச்சத்து இரண்டிலும் சமம் என்பதை அளந்து உறுதிசெய்ய வேண்டும். வெறும் தண்ணீரை ஒப்பீட்டுக்கு வைப்பது போதாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

களையை விட்டுவையுங்கள் என்பது இதன் பொருளன்று. அந்த அறிவுரை விளைச்சலைக் கெடுக்கும். தற்காப்புக்குச் செலவிடும் சத்தை நெல் மணியிலிருந்துதான் எடுக்கக்கூடும். அதையும் எடைபோட வேண்டும். தேவை களை அல்ல, அதன் சைகை. நட்ட மூன்றாம் நாள் பிரிடிலாகுளோர் தெளித்த வயலில் புல் பெரும்பாலும் முளைப்பதில்லை, சைகையும் இராது. அங்கே லோலியோலைடை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். எல்லா ரகமும் ஒரேபோல் பதிலளிக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஏடிடி 37, கோ 51 போன்றவற்றை அருகருகே வைத்து, தாமல் வயல்களின் மண்ணிலேயே முதல் சோதனையைத் தொடங்குவது பொருத்தம்.