பம்பாயில் காத்திருந்த செய்தி



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகன் வெளிநாட்டில் கடைசித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான். இங்கே அவனை வளர்த்த பாட்டி தவறிவிட்டார். "இப்பவே சொல்லிடவா, ஊருக்கு வந்ததும் சொல்லவா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 1891-ஆம் ஆண்டு பம்பாய்தான் ஞாபகத்துக்கு வந்தது. காந்தியடிகள் பாடம் நடத்தும்போதெல்லாம் சிலபஸ் முடிக்கிற அவசரத்தில் நான் தாண்டிப்போன இடம் அது.

லண்டனுக்குப் படிக்கப் போகுமுன் மோகன்தாஸிடம் தாயார் புத்லிபாய் ஒரு சத்தியம் வாங்கினார். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று பேச்சர்ஜி சுவாமி என்ற சமணத் துறவியின் முன்னிலையில் செய்த சத்தியம். அது உங்களுக்குத் தெரியும். ஆனால் ராஜ்கோட்டிலிருந்து கிளம்பியவர் நேராகக் கப்பல் ஏறிவிடவில்லை. ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிக்கும் என்று நண்பர்கள் சொன்னதால் பம்பாயில் தங்க வேண்டியதாயிற்று. அதற்குள் சாதிக் கூட்டம் கூடிவிட்டது. கடல் கடந்து போனால் சாதியை விட்டுத் தள்ளிவைப்பு. உதவி செய்பவர்களுக்கும் வழியனுப்பத் துறைமுகம் போகிறவர்களுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம்! அண்ணன் கொடுத்துவைத்திருந்த பணத்தைத் தர மைத்துனரே பயந்தார். ஒரு நண்பரிடம் கடன் வாங்கித்தான் 1888 செப்டம்பர் 4 அன்று கப்பல் ஏறினார். அப்போது வயது 18.

மூன்றாண்டு முடியப்போகும் சமயம். 1891 ஜூன் 10-இல் பாரிஸ்டர் பட்டம், 11-இல் உயர் நீதிமன்றத்தில் பதிவு, 12-இல் ஊருக்குப் பயணம். ஒரு நாள்கூடத் தங்கவில்லை பாருங்கள்! ஏடன் வரை 'ஓஷனா' கப்பல், அங்கிருந்து 'அஸ்ஸாம்' என்ற வேறு கப்பல். ஏடனைத் தாண்டியதுமே மழைக்காலக் கடல் ஆட்டத் தொடங்கிவிட்டது. பயணிகள் பெரும்பாலோர் மயக்கமும் வாந்தியுமாகப் படுத்துவிட்டார்கள். இவர் மட்டும் மேல்தளத்தில் நின்று அலைச் சாரலை ரசித்திருக்கிறார். காலையில் ஓட்ஸ் கஞ்சித் தட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டவர்கள் இவரோடு சேர்த்து இரண்டு மூன்று பேர்தான். அம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்ற ஏக்கம் மனதில். வாங்கிய சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் அல்லவா?

பம்பாய்த் துறைமுகத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இருவரும் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா வீட்டில் தங்கினார்கள். காந்தி லண்டனில் இறங்கிய அன்றே அவரை வந்து பார்த்தவர் இந்த மேத்தா. அங்கேதான் செய்தியைச் சொன்னார்கள். அம்மா இல்லை. மகன் இங்கிலாந்தில் இருக்கும்போதே போய்விட்டார். தெரியாத தேசத்தில் தம்பி தனியாகக் கிடந்து அழ வேண்டாம் என்று அண்ணன் மறைத்திருந்தார்.

தலைமுழுகினார். அப்பா இறந்தபோது பட்ட துக்கத்தைவிட இது பெரிது என்று பின்னாளில் 'சத்திய சோதனை'யில் எழுதினார். ஆனால் கதறி அழவில்லை. கண்ணீரைக்கூட அடக்கிக்கொண்டு எதுவும் நடக்காததுபோல் இருந்தாராம். மன உறுதி என்று வகுப்பில் ஒரே வரியில் பாராட்டிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. 21 வயதுப் பிள்ளை அது.

அந்த வீட்டில்தான் ராய்சந்த்பாயையும் சந்தித்தார். மேத்தாவின் அண்ணன் மருமகன், வைர வியாபாரி, கவிஞர், சதாவதானி. (நம் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் நினைவுக்கு வருகிறாரா?) காந்தி தமக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் அடுக்க, அதே வரிசையில் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாராம். டால்ஸ்டாய், ரஸ்கின் இருவரோடு சேர்த்துத் தம் வாழ்க்கையைப் பாதித்தவராகக் காந்தி சொன்னது இவரைத்தான். அம்மாவை இழந்த செய்தி கேட்ட அதே வீட்டில் அந்த நட்பு.

பம்பாயிலிருந்தும் நேரே ராஜ்கோட் போக முடியவில்லை. சாதிக்காரர்களைச் சமாதானப்படுத்த அண்ணன் நாசிக்குக்கு அழைத்துப்போய்ப் புண்ணிய நதியில் நீராட வைத்தார். ஊரில் விருந்தும் வைத்தார். அப்படியும் ஒரு பிரிவினர் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை மதித்து, சொந்த அக்காள் வீட்டில்கூடத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார் காந்தி.

அண்ணனைப் பற்றித்தான் இப்போது அதிகம் யோசிக்கிறேன். காரணம் உண்டு.

பல வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் படிப்பு முடித்து ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தான். தோஹாவில் விமானம் மாற ஐந்து மணி நேரம். அங்கிருந்து எனக்குப் போன் செய்தான். "வீட்டுல யாரும் சரியாப் பேச மாட்டேங்கிறாங்க டீச்சர். நீங்க பக்கத்துத் தெருதானே, என்ன விஷயம்?" அவன் அப்பாவுக்குக் காரியம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. நான் போய்விட்டு வந்தவள். "நல்லபடியா வாப்பா, வந்து பேசிக்கலாம்" என்றேன். "அப்பாவுக்குப் பேரீச்சம்பழம் வாங்கியிருக்கேன் டீச்சர்" என்றான்.

அந்த டப்பாவை அவன் அம்மா வெகுநாள் பிரிக்கவே இல்லை. அவன் இன்றும் பொங்கலுக்குப் போன் செய்கிறான். அன்று ஏன் சொல்லவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இந்தப் பதிவை அவனும் படிப்பான்.