வில்லோ பட்டையும் அழற்சிக் கொள்கையும்: சாலிசிலேட்டின் 250 ஆண்டுகள்

உடல் பருமன் உள்ளவர்களின் கொழுப்புத் திசுவில் ஓயாத மெல்லிய அழற்சி நிலவுகிறது. அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. இன்று மருத்துவ மாணவர்கள் பாடமாகப் படிக்கும் இந்தக் கருத்து உருவானதில் சாலிசிலேட் என்னும் பழைய தாவரச் சேர்மத்துக்குப் பெரும் பங்குண்டு. அது சர்க்கரையைக் குறைக்கும் என்பது 1876இலேயே தெரியும். ஏன் குறைக்கிறது என்பதற்கு நம்பத்தக்க விடை 2001இல்தான் கிடைத்தது. இத்தனை தாமதம் ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டனில் வாழ்ந்த பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன், காய்ச்சல் கண்ட ஏறத்தாழ 50 பேருக்கு வில்லோ பட்டைப் பொடியைக் கொடுத்துக் கண்ட பலனை 1763இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1828இல் மியூனிக்கில் புக்னர் பட்டையிலிருந்து சாலிசினைப் பிரித்தார். 1838இல் வேதியியலாளர் பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். ஆனால் திருப்பம் தந்தது தொழிற்சாலைதான். வேதியியலாளர் கோல்பேயின் செயற்கை முறையைக் கொண்டு 1874இல் ட்ரெஸ்டனில் பெருமளவு உற்பத்தி தொடங்கியது. நோயாளிக்கு நாளொன்றுக்குப் பல கிராம் கொடுத்துப் பார்க்கும் துணிவு மருத்துவர்களுக்கு வந்தது இந்த மலிவால்தான் என்று கருத இடமுண்டு.

இரண்டே ஆண்டுகளில் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன், சோடியம் சாலிசிலேட் கொடுத்தபோது நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை பெர்லின் மருத்துவ வார இதழில் பதிவு செய்தார். 1901இல் மான்செஸ்டரின் ஆர். டி. வில்லியம்சனும் அதையே கண்டார். இருவரும் பலன் கண்ட நோயாளிகள் இன்று நாம் இரண்டாம் வகை என்று சொல்லும் நீரிழிவு உடையவர்களாக இருந்திருக்க வேண்டும். இன்சுலின் அறவே சுரக்காதவர்களிடம் இத்தகைய பலனை எதிர்பார்க்க முடியாது. அப்போது அந்த வகைப்பாடே இல்லை. 1921இல் இன்சுலின் கண்டறியப்பட்டதும், நீரிழிவென்றால் இன்சுலின் குறைபாடு என்ற எண்ணம் வேரூன்றியது. காதிரைச்சலும் வயிற்றுப் புண்ணும் தரும் மருந்தை யார் நாடுவார்கள்? 1957இல் ஆஸ்பிரின் சர்க்கரையைக் குறைப்பதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் மீண்டும் வெளியிட்டும், அந்தச் செய்தி பெரிதாகத் தொடரப்படவில்லை. தரவு இல்லாமல் அறிவியல் தேங்கவில்லை. தரவைப் பொருத்திப் பார்க்க ஒரு கொள்கை இல்லாமல் தேங்கியது.

அந்தக் கொள்கைக்கு 1993இல் அடித்தளம் விழுந்தது. பாஸ்டனில் ஹோட்டமிஸ்லிகில், ஷர்கில், ஸ்பீகல்மன் மூவரும், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டிஎன்எஃப்-ஆல்பா என்னும் அழற்சிப் புரதத்தை மிகுதியாகச் சுரப்பதைக் கண்டனர்; அதை முடக்கியதும் இன்சுலின் மேலும் திறம்பட வேலை செய்தது. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்ற எண்ணம் அத்துடன் ஆட்டம் கண்டது. மறு ஆண்டே கோப், கோஷ் இருவரும், சாலிசிலேட் என்எஃப்-கப்பா பி என்னும் அழற்சி விசையைத் தடுக்கிறது என்று காட்டினர். இரண்டு இழைகளும் 2001இல் ஸ்டீவன் ஷோல்சன் குழுவின் ஆய்வில் இணைந்தன. அதிக அளவு சாலிசிலேட் பருத்த எலிகளின் இன்சுலின் எதிர்ப்பைத் தணித்தது. அந்த விசையை இயக்கும் ஐகேகே-பீட்டா நொதியின் மரபணுவில் ஒரு படியை நீக்கினாலும் எலிகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. மருந்தும் மரபணுவும் ஒரே இடத்தைச் சுட்டின. பருத்த கொழுப்புத் திசுவில் மேக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் குவிந்திருப்பதை 2003இல் இரு குழுக்கள் தனித்தனியே காட்டியபோது, அழற்சி எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவாயிற்று.

மனிதரிடம்? 2002இல் ஒன்பது நீரிழிவு நோயாளிகள் இரு வாரம் நாளுக்கு ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரின் உட்கொண்டதில், வெறும் வயிற்றுச் சர்க்கரை சுமார் 25 விழுக்காடு குறைந்தது. இதயத்துக்காக நாளும் விழுங்கும் 75 மில்லிகிராம் மாத்திரையை இதனோடு ஒப்பிட்டால் அளவின் வேறுபாடு விளங்கும். அத்தனை ஆஸ்பிரின் இரத்தக் கசிவில் முடியும் என்பதால், தட்டணுக்களைப் பாதிக்கும் அசிட்டைல் பகுதி இல்லாத சால்சலேட் தேர்ந்தெடுக்கப்பட்டது. 286 பேர் பங்கேற்ற 48 வார ஆய்வின் முடிவு 2013இல் வந்தது: சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 0.37 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. உடல் எடையும் எல்டிஎல் கொழுப்பும் சற்றுக் கூடின; சிறுநீரில் அல்புமின் கூடி, மருந்தை நிறுத்தியதும் தணிந்தது.

0.37 என்ற இந்தச் சிறிய எண்ணை நான் தோல்வியாகக் கொள்ளவில்லை. அழற்சி மனிதரின் இன்சுலின் எதிர்ப்பில் பங்கு வகிக்கிறது, ஆனால் முழுக் காரணம் அதுவன்று என்பதை அது அளந்து சொல்கிறது. சாலிசிலேட்டைப் போலவே மஞ்சளின் குர்குமினும் சோதனைக் குழாயில் என்எஃப்-கப்பா பி-யைத் தடுக்கிறது என்று 1995இலேயே வெளியானது. அதை வைத்துச் சமையலறை மஞ்சளை நீரிழிவு மருந்தாக்கும் விளம்பரங்கள், மஞ்சள் பொடியில் குர்குமின் சில விழுக்காடே உண்டு என்பதையும், அதிலும் மிகச் சிறு பகுதிதான் இரத்தத்தில் சேர்கிறது என்பதையும் சொல்வதில்லை. நோயாளி அதை நம்பி மாத்திரையைக் கைவிட்டால் இழப்பு அவருக்கே.

சாலிசிலேட்டின் கதையும் முடிந்துவிடவில்லை. அது ஆற்றலைக் கண்காணிக்கும் ஏஎம்பிகே நொதியை நேரடியாகத் தூண்டுகிறது என்று 2012இல் டண்டீயின் கிரஹாம் ஹார்டி உள்ளிட்டோர் காட்டினர். அந்த நொதியின் உரிய பகுதி இல்லாத எலிகளில் கொழுப்பை எரிக்கும் விளைவு மறைந்தது. சர்க்கரை தொடர்பான பலன் மட்டும் மறையவில்லை. ஆகவே ஐகேகே-பீட்டா, ஏஎம்பிகே இரண்டில் எதன் வழியே எவ்வளவு பலன் கிட்டுகிறது என்ற கணக்கு இன்னும் தீரவில்லை.